ஒரே பெயர், வேறு கணக்கு



இந்தக் காலாண்டு இதழுக்கு ஏதாவது எழுதித் தரும்படி நம் சங்கச் செயலாளர் கேட்டார். "பழைய கிரிக்கெட் கதை ஏதாவது எழுதுங்க சார், உங்களுக்குத்தான் எல்லா ஸ்கோரும் மனப்பாடமாச்சே" என்றார். சரி என்று சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்தால், ஸ்கோருக்கு முன்னால் ஒரு மாத்திரைப் பார்சல்தான் நினைவுக்கு வந்தது. அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் குடியிருப்பில் ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கிறோம். அதில் நானும் ஒருவன். மூவரும் அறுபதைத் தாண்டியவர்கள், மூவரும் ஓய்வு பெற்றவர்கள், மூவரும் ஏதாவது ஒரு மாத்திரை சாப்பிடுகிறவர்கள். சில மாதங்களுக்கு முன் ஒரு பார்சல் வந்தது. மேலே பெயர் மட்டும் தெளிவாக இருந்தது. இனிஷியல் இல்லை. வீட்டு எண் மழையில் நனைந்து அழிந்திருந்தது. கேட்டில் இருந்தவர் என்னிடம் கொடுத்தார். பிரித்துப் பார்த்தேன், மாத்திரைகள். பெங்களூரில் இருக்கும் மகன் வழக்கம்போல வாங்கி அனுப்பியிருப்பான் என்று நினைத்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மாலை நடைப்பயிற்சியில் என் பெயர்க்காரர் ஒருவரைச் சந்தித்தேன். "ரெண்டு நாளா ஹார்ட் மாத்திரை இல்லாம இருக்கேன் சார். பார்சல் கொடுத்தாச்சுன்னு போன்ல காட்டுது, ஆனா வீட்டுக்கு வரல" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடிப்போய் எடுத்து வந்து கொடுத்தேன். கடவுள் புண்ணியத்தில் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முப்பத்தைந்து வருடம் வங்கியில் நான் வாங்கிய சம்பளமே, ஒருவருடையது இன்னொருவருக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்வதற்குத்தானே.

வங்கியில் சேர்ந்த முதல் வாரம் எங்கள் மேற்பார்வையாளர் சொன்ன பாடம் இது: "பெயரைப் பார்த்து வரவு வைக்காதே. பெயர் ஊருக்கே பொது. முதலில் கணக்கு எண், அப்புறம் இனிஷியல், அப்புறம் அப்பா பெயர், கடைசியில் கையெழுத்து." கணினி வராத காலம். தடித்த லெட்ஜரில் ஒரே பெயரில் பக்கம் பக்கமாக ஆட்கள் இருப்பார்கள். இனிஷியல் ஒன்றுதான் கைவிளக்கு.

அந்தக் கைவிளக்கை எடுத்துக்கொண்டு நம் விளையாட்டு வரலாற்றுக்குள் ஒரு சுற்றுப் போய் வரலாம் என்று தோன்றியது. அங்கேயும் ஒரே பெயரில் பலர். அங்கேயும் ஒருவருடைய வரவு இன்னொருவர் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கிறது.

சென்னையில் ஒரு மில்கா சிங்

மில்கா சிங் என்றதும் உங்களுக்கு யார் நினைவுக்கு வருகிறார்? ஓட்டக்காரர்தானே. 1958இல் கார்டிஃப் நகரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் 440 கஜ ஓட்டத்தில் தங்கம் வென்றவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் நூலிழையில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தவர். 'பறக்கும் சீக்கியர்' என்று பெயர் பெற்றவர். அவர் வாழ்க்கை 2013இல் இந்தித் திரைப்படமாகவும் வந்தது.

அதே 1960ஆம் ஆண்டு ஜனவரியில், ரோம் ஒலிம்பிக்குக்கு எட்டு மாதம் முன்பு, சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இந்திய டெஸ்ட் அணிக்கு முதல் முறையாக ஆட இறங்கினார் இன்னொரு மில்கா சிங். வயது 18. பிறந்து வளர்ந்தது எல்லாம் சென்னை. முழுப் பெயர் ஏ.ஜி. மில்கா சிங்.

இந்த 'ஏ.ஜி.' யைக் கவனியுங்கள். ஏ என்பது அமிர்தசரஸ், ஜி என்பது கோவிந்த்சிங். ஊர்ப் பெயர் ஒன்று, ஆள் பெயர் ஒன்று. நம் ஊர்ப் பெரியவர்கள் வைத்துக்கொள்கிற மாதிரியே இரண்டு இனிஷியல். பஞ்சாபிலிருந்து வந்த ஒரு சீக்கியக் குடும்பம் சென்னையில் குடியேறி நம் வழக்கத்தையும் எடுத்துக்கொண்டுவிட்டது.

அது சாதாரணக் குடும்பமும் இல்லை. தந்தை ஏ.ஜி. ராம் சிங், 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் நடந்த ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் சென்னை அணிக்காக ஆடியவர். மைசூர் அணி ஒரே நாளில் தோற்றது. ராம் சிங் 35 ரன் கொடுத்து 11 விக்கெட் எடுத்தார். ஆனாலும் அவருக்கு அதிகாரபூர்வ டெஸ்ட் ஆடும் வாய்ப்பு ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை. மூத்த மகன் ஏ.ஜி. கிரிபால் சிங் 1955இல் ஹைதராபாத்தில் நியூசிலாந்துக்கு எதிரான தன் முதல் டெஸ்டிலேயே ஆட்டமிழக்காமல் 100 ரன் அடித்தார். 1961-62இல் இங்கிலாந்துக்கு எதிராக பம்பாயில் அண்ணன் கிரிபாலும் தம்பி மில்காவும் ஒரே டெஸ்டில் ஆடினார்கள். துலீப் கோப்பையின் முதல் சதமும் இந்த மில்கா சிங் அடித்ததுதான். கிரிபாலின் மகன் அர்ஜன் கிரிபால் சிங் 1988-89இல் கோவாவுக்கு எதிராக 302 ரன் அடித்து ஆட்டமிழக்காமல் நின்றார்.

அதே இன்னிங்ஸில் டபிள்யூ.வி. ராமன் 313 அடித்தார். அதனால் அர்ஜன் அடித்த முச்சதத்தைக்கூடப் பலர் 'ராமன் முச்சதம் அடித்த மேட்ச்' என்றுதான் நினைவு வைத்திருக்கிறார்கள். அடுத்தவர் நிழலில் நிற்பது அந்தக் குடும்பத்துக்கு வழக்கமாகிவிட்டது போலும்.

ஏ.ஜி. மில்கா சிங் ஆடியது நான்கே டெஸ்ட். 2017 நவம்பரில் சென்னையில் காலமானார். மெரினா ஓரம் ஆடி வளர்ந்த நம் ஊர்ப் பிள்ளை அவர். இன்றைக்கு அவர் பெயரைச் சொன்னால் நம் பிள்ளைகள் 'ஓடினாரே, அவரா?' என்றுதான் கேட்பார்கள். எவ்வளவு பெரிய வரவாக இருந்தாலும், பக்கத்தில் அதே பெயரில் இன்னும் பெரிய கணக்கு ஒன்று இருந்தால் நம்முடையது அதில் போய்க் கலந்துவிடும். இனிஷியல் இல்லாமல் போனால் அதுதான் நிலைமை.

இரண்டு சிவராமகிருஷ்ணன்கள்

இது நான் கண்ணால் பார்த்த காலத்துக் கதை. 1980களின் தொடக்கத்தில் தமிழ்நாடு அணியில் இரண்டு சிவராமகிருஷ்ணன்கள். ஒருவர் வி., இன்னொருவர் எல்.

எல். சிவராமகிருஷ்ணனை எல்லாருக்கும் தெரியும். லெக் ஸ்பின்னர். 16 வயதில் ரஞ்சியில் டெல்லியை 7 விக்கெட் எடுத்துச் சாய்த்தார். 17 வயதில், 1983இல், ஆண்டிகுவாவில் டெஸ்ட் ஆடினார். 1984இல் பம்பாய் டெஸ்டில் இங்கிலாந்துக்கு எதிராக 12 விக்கெட் எடுத்து வெற்றி தேடித் தந்தார். 1985இல் மெல்போர்ன் நகரில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் மியாந்தாத் இறங்கி வந்து ஏமாந்து ஸ்டம்பிங் ஆனாரே, அந்தப் பந்தைப் போட்டவர். நாங்கள் பகல் வேலையை எப்படியோ சமாளித்துக்கொண்டு காதில் டிரான்சிஸ்டரும் கையில் வவுச்சருமாக இருந்த நாட்கள் அவை.

வி. சிவராமகிருஷ்ணன் அவருக்கு மூத்தவர். இடது கைத் தொடக்க ஆட்டக்காரர். 1970களிலிருந்து தமிழ்நாட்டுக்கு இன்னிங்ஸைத் தொடங்கி வைத்தவர். புதுப் பந்தின் அடி முழுவதையும் முதலில் வாங்கிக்கொள்கிற வேலை. டெஸ்ட் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவே இல்லை.

ஸ்கோர் அட்டையில் மேலே ஒரு சிவராமகிருஷ்ணன், கீழே ஒரு சிவராமகிருஷ்ணன். இருவருக்கும் நடுவே ஓர் எழுத்துதான் வேலி. 1984க்குப் பிறகு 'சிவா' என்றாலே லெக் ஸ்பின்னர் என்று ஆகிவிட்டது. மற்றவர் ஓடிச் சேர்த்த ஓட்டங்கள் எல்லாம் மௌனமாகிவிட்டன.

ஆனால் இதில் ஓர் ஆறுதலும் உண்டு. 2008இல் ஐபிஎல் தொடங்கியபோது சென்னை அணியில் இடது கைத் தொடக்க ஆட்டக்காரராக ஓர் இளைஞர் ஆடினார். பெயர் எஸ். வித்யுத். அந்த 'எஸ்' என்பது சிவராமகிருஷ்ணன். வி. சிவராமகிருஷ்ணனின் மகன். தொலைக்காட்சி பார்த்த கோடிக்கணக்கான பேருக்கு அது வெறும் ஓர் எழுத்து. விஷயம் தெரிந்தவர்களுக்கு அந்த ஓர் எழுத்துக்குள் ஒரு தகப்பன் மட்டையோடு நின்றுகொண்டிருந்தார்.

நம் இனிஷியல் முறையின் அழகே இதுதான். மகன் தன் பெயரை எழுதும்போதெல்லாம், தெரிந்தோ தெரியாமலோ, அப்பாவையும் எழுதிவிடுகிறான்.

விம்பிள்டனில் இரண்டு ஆர். கிருஷ்ணன்

இனி டென்னிஸ். விம்பிள்டனில் சிறுவர்களுக்கான பட்டத்தை 1954இல் வென்றவர் ஆர். கிருஷ்ணன். 1979இல் அதே பட்டத்தை வென்றவரும் ஆர். கிருஷ்ணன். இருபத்தைந்து வருட இடைவெளி. முதலாமவர் ராமநாதன் கிருஷ்ணன், இரண்டாமவர் அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணன்.

எப்படி இருவருக்கும் ஒரே எழுத்து வந்தது? தாத்தா பெயர் டி.கே. ராமநாதன். அவரே டென்னிஸ் ஆட்டக்காரர், மகனுக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தவர். அவர் மகன் கிருஷ்ணன், ஆகவே ஆர். கிருஷ்ணன். நம் வழக்கப்படி பார்த்தால் பேரன் கே. ரமேஷ் ஆக வேண்டும். அப்படி இருந்திருந்தால் குழப்பமே இல்லை. ஆனால் வெளிநாட்டுப் பழக்கத்துக்காக அப்பா பெயர் பின்னால் போய் ரமேஷ் கிருஷ்ணன் ஆனது. சுருக்கினால் மறுபடியும் ஆர். கிருஷ்ணன். முதல் ஆர். அப்பாவின் பெயரைச் சொல்கிறது. இரண்டாவது ஆர். சொந்தப் பெயரைச் சொல்கிறது. முதல் கிருஷ்ணன் சொந்தப் பெயர். இரண்டாவது கிருஷ்ணன் அப்பா பெயர்.

இருவர் சாதனையையும் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. 1960, 1961 இரண்டு ஆண்டும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனவர் அப்பா. முதல் ஆண்டு நீல் ஃபிரேசரிடமும் அடுத்த ஆண்டு ராட் லேவரிடமும் தோற்றார். இருவருமே அந்தந்த ஆண்டில் பட்டம் வென்றவர்கள். மகன் 1986இல் விம்பிள்டன் கால் இறுதி வரை வந்தார். டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டியில் இந்தியா ஆடியபோது, 1966 அணியில் அப்பா இருந்தார், 1987 அணியில் மகன் இருந்தார்.

இதோடு முடியவில்லை. இப்போது ஆடிக்கொண்டிருக்கும் சென்னைக்காரர் ராம்குமார் ராமநாதன், 2017இல் துருக்கியில் உலகத் தரவரிசையில் முதல் பத்துக்குள் இருந்த டொமினிக் தீமைத் தோற்கடித்தார். 'ராமநாதன் கிருஷ்ணன் பேரனா?' என்று கேட்காதீர்கள். அவர் வேறு குடும்பம், வேறு கணக்கு.

சுழலில் ஒரு குழப்பம்

எஸ். வெங்கட்ராகவன் 57 டெஸ்ட் ஆடி 156 விக்கெட் எடுத்த ஆஃப் ஸ்பின்னர். 1975, 1979 உலகக் கோப்பைகளில் இந்தியாவின் கேப்டன். பிறகு நடுவராக 73 டெஸ்டுகளில் நின்றவர். அவர் ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் அதே தமிழ்நாடு அணிக்கு இன்னொரு ஆஃப் ஸ்பின்னர் வந்தார், எம். வெங்கட்ரமணா. 1987-88இல் தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையை வென்றதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1989இல் மேற்கிந்தியத் தீவுகளில் ஒரே ஒரு டெஸ்ட் ஆடினார். இன்று யாரிடமாவது 'வெங்கட்' என்றால் ஒருவர்தான்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த உதாரணம் சொல்கிறேன். 2016 ஐபிஎல்லில் புனே அணிக்கு இரண்டு அஸ்வின்கள் ஆடினார்கள். இருவரும் தமிழ்நாடு, இருவரும் சுழற்பந்து. ஆர். அஸ்வின் ஆஃப் ஸ்பின், எம். அஸ்வின் லெக் ஸ்பின். ஆர். அஸ்வின் 537 டெஸ்ட் விக்கெட்டுகளோடு 2024 டிசம்பரில் ஓய்வு பெற்றார். முருகன் அஸ்வினை அந்த 2016 ஏலத்தில் நாலரைக் கோடிக்கு எடுத்தபோது, 'அஸ்வின்தான் ஏற்கெனவே இருக்காரே' என்று எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள்.

2004 நவம்பர் மும்பை டெஸ்ட் இன்னும் வேடிக்கை. ஆஸ்திரேலியாவுக்கு வெற்றி இலக்கு 107 ரன்தான். 93க்குச் சுருண்டது. ஆட்ட நாயகன் முரளி கார்த்திக். அவர் சென்னையில் பிறந்து ரயில்வே அணிக்கு ஆடியவர். அதே டெஸ்டில் விக்கெட் கீப்பராக அறிமுகமானவர் தினேஷ் கார்த்திக். ஸ்கோர் அட்டையில் ஒருவர் எம். கார்த்திக், மற்றவர் கே.கே.டி. கார்த்திக். கிருஷ்ணகுமார் தினேஷ் கார்த்திக் என்பதன் சுருக்கம் அது. சுழற்பந்து போடுகிறவரும் கார்த்திக், ஸ்டம்புக்குப் பின்னால் பிடிக்கிறவரும் கார்த்திக்.

முரளி விஜய், விஜய் சங்கர் இருவரையும் பாருங்கள். முதலாமவருக்கு முரளி என்பது அப்பா பெயர், விஜய் என்பது சொந்தப் பெயர். இரண்டாமவருக்கு விஜய் என்பது சொந்தப் பெயர், சங்கர் என்பது அப்பா பெயர். ஒரே மாநில அணிக்கு ஆடிய இருவருக்கும் சொந்தப் பெயர் ஒன்றுதான். ஆனால் ஒருவருக்கு அது முன்னால் நிற்கிறது, ஒருவருக்குப் பின்னால் நிற்கிறது. சதுரங்க வீரர் ஆனந்தை உலகமே 'விஷி' என்று செல்லமாகக் கூப்பிடுகிறது. விஸ்வநாதன் அவர் அப்பா பெயர். அப்பா பெயரைச் சுருக்கி மகனைக் கொஞ்சுகிறோம் என்று அவர்களுக்கு யாராவது சொன்னால் தேவலை.

இனிஷியலும் கைவிட்டால்

இனிஷியலும் உதவாத சமயம் உண்டு. ஆர்.பி. சிங் என்ற இடது கை வேகப்பந்து வீச்சாளரை 2007 டி20 உலகக் கோப்பையில் பார்த்திருப்பீர்கள். உத்தரப் பிரதேசக்காரர். முழுப் பெயர் ருத்ர பிரதாப் சிங். அவருக்கு இருபது வருடம் முன்பு, 1986இல், இந்தியாவுக்காக இரண்டு ஒருநாள் ஆட்டங்கள் ஆடிய இன்னொரு ஆர்.பி. சிங் இருந்தார். அவரும் உத்தரப் பிரதேசம். அவரும் இடது கை வேகம். அவர் முழுப் பெயரும் ருத்ர பிரதாப் சிங்!

பெயர், இனிஷியல், ஊர், தொழில், போடுகிற கை எல்லாம் ஒன்று. இப்படி ஒரு கணக்கு எங்கள் லெட்ஜரில் வந்தால் பிறந்த தேதி வரை போய்த்தான் பிரிக்க வேண்டும். மூத்தவர் பிறந்தது 1963இல், இளையவர் பிறந்தது 1985இல். இப்போது பதிவேடுகளில் மூத்தவருக்குப் பெயரோடு 'சீனியர்' என்று சேர்த்துவிட்டார்கள்.

இது நம் நாட்டு வியாதி மட்டும் அல்ல. அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம், நம் கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு. 2000ஆம் ஆண்டு நியூயார்க் மெட்ஸ் அணியில் பந்து வீசிய இருவர் பெயரும் பாபி ஜோன்ஸ். ஒருவர் வலது கை, ஒருவர் இடது கை. வழக்கமாக இனிஷியல் இல்லாமல் பெயர் சொல்கிற அமெரிக்கர்களே அவர்களைப் பாபி ஜே. ஜோன்ஸ், பாபி எம். ஜோன்ஸ் என்று நடுவில் எழுத்துப் போட்டுத்தான் பிரித்தார்கள்.

2020 அக்டோபரில் அதைவிட வேடிக்கை. லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணிக்கும் அட்லாண்டா பிரேவ்ஸ் அணிக்கும் முக்கியமான ஆட்டம். பந்து வீசியவர் வில் ஸ்மித். அடித்தவரும் வில் ஸ்மித். நம் சிக்ஸர் மாதிரி அங்கே ஹோம்ரன். வில் ஸ்மித் வீசிய பந்தை வில் ஸ்மித் ஹோம்ரனாக அடித்தார். டாட்ஜர்ஸ் வென்றது. அன்று அந்த அணியின் மேலாளராக இருந்த டேவ் ராபர்ட்ஸுக்கும், அவருக்கு முன்பே பேஸ்பால் ஆடிய டேவ் ராபர்ட்ஸ்கள் மூன்று பேர் உண்டு. அங்கே சினிமாவிலும் ஒரு வில் ஸ்மித் இருக்கிறார் என்பது உங்களுக்கே தெரியும்.

தமிழில் எழுதினால் என்ன?

இங்கே ஒரு பழைய எழுத்தரின் சிறிய யோசனை. ஆங்கிலத்தில் 'எஸ்' என்று ஒரே எழுத்தைப் போட்டால் அது சுப்பிரமணியனா, சீனிவாசனா, சண்முகமா, சாமிநாதனா, செல்வராஜா என்று தெரியாது. தமிழில் எழுதினால் சு., சீ., ச., சா., செ. என்று ஐந்தும் ஐந்தாகப் பிரிந்துவிடும். உயிர்மெய் எழுத்தின் பலம் அது. விம்பிள்டன் பட்டியலைத் தமிழில் எழுதியிருந்தால் 1954இல் ரா. கிருஷ்ணன், 1979இல் ர. கிருஷ்ணன் என்று தாமாகவே பிரிந்திருப்பார்கள்.

ஊருக்கும் இது பொருந்தும். நம் புதுப்பட்டினம் கல்பாக்கத்துக்குப் பக்கத்தில், செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. சீர்காழி பக்கம், மயிலாடுதுறை மாவட்டத்திலும் கடலோரமாக ஒரு புதுப்பட்டினம் உண்டு. முகவரியில் மாவட்டத்தை எழுதாமல் விட்டால் தபால்காரர் என்ன செய்வார், பாவம்? ஊருக்கு மாவட்டம்தான் இனிஷியல்.

ஒரு பெரியவரும் ஒரு பாஸ்புக்கும்

கடைசியாக என் சொந்தக் கணக்கில் ஒரு பற்று.

வேலையில் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். செங்கல்பட்டு பக்கம் ஒரு கிளை. ஒரே பெயர், ஒரே இனிஷியலோடு இரண்டு வாடிக்கையாளர்கள். அறுவடை நேரம், கூட்டம், அவசரம். நெல் விற்ற ஒருவரின் ஆயிரத்து இருநூறு ரூபாயை இன்னொருவர் பக்கத்தில் வரவு வைத்துவிட்டேன். பிழை என்னுடையது. மேற்பார்வையாளர் சொன்ன நாலு படியில் இரண்டோடு நின்றுவிட்டேன்.

அன்று மாலைக்குள் ஒரு பெரியவர் வந்தார். வேறு வேலையாக வந்தவர் பாஸ்புக்கில் பதிந்து வாங்கிக்கொண்டு போய், மரத்தடியில் யாரிடமோ படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். திரும்ப வந்து என் மேஜை மேல் பாஸ்புக்கை வைத்தார். "தம்பி, இதுல ஏதோ தப்பு இருக்கு. இவ்வளவு காசு என்கிட்ட கிடையாது. யாரோடதோ, பாத்து அவருக்குச் சேத்துடுங்க" என்றார். அந்தக் காலத்தில் என் ஒரு மாதச் சம்பளத்துக்குப் பக்கத்தில் வரும் தொகை அது. அவருக்கு எத்தனை மாதக் கூலியோ. கணக்கைத் திருத்தினோம். யாரும் திட்டவில்லை, எழுத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பெரியவர் ஒரு வார்த்தைகூட அதிகம் பேசாமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

இப்போது நினைத்துப் பார்க்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத அவர், தன் கணக்கில் வந்தது தன்னுடையது அல்ல என்று ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துத் திருப்பித் தந்தார். பி.காம். படித்து, முப்பத்தைந்து வருடம் கணக்குப் பார்த்த நான், அடுத்தவர் மாத்திரையை மூன்று நாள் அலமாரியில் வைத்திருந்தேன். அட்டையைத் திருப்பி மருந்தின் பெயரைப் படித்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். வந்தது என் பெயருக்குத்தானே என்று நினைத்துவிட்டேன். பெயர் என்னுடையது மட்டும் அல்ல என்பதை மறந்துவிட்டேன்.

விளையாட்டிலும் நாம் அதைத்தான் செய்கிறோம். புகழ் பெற்றவர் கணக்கிலேயே எல்லாவற்றையும் வரவு வைத்துவிட்டு லெட்ஜரை மூடிவிடுகிறோம். ஏ.ஜி. மில்கா சிங்கோ, வி. சிவராமகிருஷ்ணனோ, மூத்த ஆர்.பி. சிங்கோ பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு நம் வாசலுக்கு வந்து 'இது என்னுடையது' என்று கேட்கப் போவதில்லை. நாமாகத்தான் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். சங்கம் இந்த மாதம் குடியிருப்போர் பதிவேட்டைப் புதுப்பிக்கிறது. படிவம் வீட்டுக்கு வரும்போது, தயவு செய்து இனிஷியலோடு எழுதுங்கள். முடிந்தால் தமிழிலும் எழுதுங்கள். அப்பா பெயரோ அம்மா பெயரோ, எது உங்கள் இனிஷியலோ அதை முழுதாக ஒரு முறை எழுதுங்கள். ஆன்லைனில் பொருள் வாங்கும்போது பெயரோடு இனிஷியல், பிளாக், வீட்டு எண் மூன்றையும் போடுங்கள். கேட்டில் பார்சல் வாங்குகிறவர்கள், பிரிப்பதற்கு முன் ஒரு முறை படித்துப் பாருங்கள். நம்மில் பாதிப் பேர் வயதானவர்கள். அடுத்த பார்சலிலும் மாத்திரை இருக்கலாம்.

எங்கள் மூவர் விஷயத்தில் ஏற்பாடு முடிந்துவிட்டது. கேட்டில் இருக்கும் பதிவேட்டில் இனிஷியலைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறோம். மாலை நடைப்பயிற்சிக்கும் இப்போது மூவரும் ஒன்றாகத்தான் போகிறோம். பின்னாலிருந்து யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூவரும் திரும்புகிறோம். தவறாமல் மூவரில் ஒருவர் கேட்கிறோம்: "எந்த இனிஷியல்?"